ஏழாவது நகல்

"செப்டம்பர் 9, செவ்வாய். காலை 5.50. கடல் காற்று இல்லை. மதில் பக்கமிருந்து நெடி. அவருக்கு இருமல். 7.20க்கு அடங்கியது."

என் நோட்டில் இப்படிப்பட்ட குறிப்புகள் நாற்பத்தொன்று இருந்தன. காலடிப்பேட்டையில் எங்கள் தெரு ஒரு கம்பெனியின் மதிலில் போய் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் என்ன காய்ச்சுகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பக்கம் என் கணவருக்கு மூச்சிரைப்பு. லேத் ஓட்டி ஓய்ந்தவர். இரும்புத் தூளால் வந்த இருமல் என்றுதான் டாக்டரும் சொன்னார். நான் தேதி போட்டு எழுதிவைத்துப் பார்த்தேன். மதில் பக்கத்துக் காற்று வந்த நாட்களில்தான் இருமினார்.

தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டு ஆபீஸில் இருபத்தாறு வருஷம் சரக்குக் காகிதம் தயாரித்தவள் நான். ஓர் எண் பிசகினால் கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும். அடித்துத் திருத்தினால் காகிதம் திரும்பி வரும். அதனால் ஒரு சொல்லை மாற்றினாலும் முழுத்தாளையும் மறுபடி எழுதுவேன். இதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிய முதல் மனுவில் கம்பெனி பெயர், நாற்பத்தொரு தேதி, கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு எண், எல்லாம் இருந்தது. கையெழுத்து வாங்க எதிர்வீட்டில் ஆரம்பித்தேன்.

"அக்கா, கம்பெனி பேர மட்டும் எட்த்துடேன். என் பையன் அங்கதான் காண்ட்ராக்ட்ல கீறான். நாளைக்கே கேட்ல நிறுத்திடுவானுங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி.

எடுத்துவிட்டேன். நான்கு பக்கமும் புதிதாக எழுதினேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "ஏம்மா, நெடின்னு எழுதுனா சண்டைக்குப் போற மாதிரில்லா இருக்கு. லேசா ஒரு வாடைன்னு போடுங்களேன்" என்றார். கம்பெனி கேன்டீனுக்கு அரிசி அவர் கடையிலிருந்துதான் போகிறது. தெரிந்தும் போட்டேன். கட்சிக்காரர் ஒருவர் முதல் வரியில் அதிகாரிகளுக்கும் கவுன்சிலருக்கும் நன்றி வேண்டும் என்றார். இத்தனை தேதியை யார் படிப்பார்கள் என்று இன்னொருவர் கேட்டார். எனக்கு யார் முகமும் சுளிக்கக்கூடாது. அத்தனை பேருக்கும் தலையாட்டினேன். தேதிகளோடு ஆஸ்பத்திரிச் சீட்டு எண்ணும் போனது.

ஐந்தாவது நகல் எழுதிக்கொண்டிருந்த காலையில் உள்ளறையிலிருந்து கணவர் கூப்பிட்டார். "இதோ, இந்தப் பத்திய முடிச்சுட்டு வரேன்" என்றேன். முடித்துவிட்டுத்தான் போனேன். கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலமாக. ஆட்டோவில் கொண்டுபோய் நெபுலைசர் வைத்து மதியம்தான் திரும்பினோம். அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று நோட்டில் இருக்கிறது: மதிலோரம் மரக்கன்று நட வேண்டும் என்ற கோரிக்கை.

ஏழாவது நகலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். "எழுத்து முத்து முத்தா கீதுக்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. வீட்டுக்கு வந்து கணவரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கமும் படித்தார்.

"இன்னாம்மே இது, கல்யாணப் பத்திரிகையா? அல்லாருக்கும் தேங்க்ஸு கீது, மரம் கீது. நான் எங்க கீறேன் இதுல?"

முதலில் அண்ணாச்சி மேல் கோபம் வந்தது. கட்சிக்காரர் மேல் வந்தது. பிறகு என் மேல் வந்தது, அதுதான் இன்னும் தணியவில்லை. அவர்களுக்காவது பையன் வேலை, அரிசி வியாபாரம் என்று காரணம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? 'நல்ல மாதிரி, அழகா எழுதுவாங்க' என்ற பேச்சு. அதற்காக என் வீட்டு மனிதரின் மூச்சை என் கையாலேயே மனுவிலிருந்து எடுத்திருக்கிறேன், ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

ஏழாவதைக் கிழித்தேன். முதல் மனு குழம்புக் கறையோடு நோட்டுக்குள் கிடந்தது. ஐந்தாவது நகல் நாளில் நடந்ததை அதன் அடியில் சேர்த்தேன். ஆத்திரத்தில் நேரத்தைத் தப்பாக எழுதினேன். அடித்துவிட்டு மேலே சரியாகப் போட்டேன். என் கையெழுத்தை மட்டும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா தாளை விரல் நுனியில் பிடித்தார். "இன்னாம்மா, இவ்ளோ அடிச்சு வெச்சிருக்கீங்க? ஃபேரா எழுதிக்கினு வாங்க."

"எழுத மாட்டேன். சீல் போடுங்க."

"ஒரே ஒரு கையெழுத்துதான் கீது?"

"எங்க வூட்ல மூச்சு முட்றதும் ஒரே ஒரு ஆளுக்குத்தான். போடுங்க."

போட்டார்.

அண்ணாச்சி இப்போது என்னிடம் பேசுவதில்லை, பருப்பை நிறுத்துத் தள்ளிவிடுகிறார். எதிர்வீட்டுக்காரி நடுத்தெருவில் நின்று, "என் புள்ள பொழப்புல மண்ணப் போட்டுட்டியே" என்று கத்தினாள். முன்பென்றால் அன்று மாலையே பலகாரத்தோடு போய்ச் சமாதானம் பேசியிருப்பேன். போகவில்லை. அவள் பையன் இன்றைக்கும் அதே கேட்டுக்குள்தான் வேலைக்குப் போகிறான்.

கடைசிக் குறிப்பு, அக்டோபர் 14, செவ்வாய். காலையில் இரண்டு பேர் மதிலோரம் ஒரு மெஷினை வைத்துக் காற்றைச் சோதித்துவிட்டுப் போனதாகப் பால் போடுகிறவர் சொல்கிறார். அந்நேரம் நான் கணவரோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். தெருவில் வேறு யாரும் பார்க்கவில்லையாம். பார்த்தும் என்னிடம் சொல்லவில்லையோ என்னவோ. உறுதி செய்யப்படவில்லை.