நாற்பத்தேழாம் பக்கம்

நஃபீசா சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஒரு சின்ன செயற்கைக்கோள் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். நானூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் மிச்சமிருக்கும் துளிக் காற்று செயற்கைக்கோளின் உடம்பில் பட்டு என்ன செய்கிறது என்று கணிப்பதுதான் வேலை. "அங்கதான் காத்தே இல்லையே" என்று ஃபேரர் பார்க் டீக்கடைக்காரர்கூடச் சிரிப்பார். இருக்கிறது. இருந்து தொலைக்கிறது.

நிறுவனம் கடைசியாகச் செய்த செயற்கைக்கோள் கத்திபோல் ஒல்லியானது. காற்று அதன் பக்கங்களில் வழுக்கிப் போய்விடும், ஐந்து ஆண்டு தாங்கும் என்றார் மேலாளர் அண்ணாதுரை. பளபளவென்று துடைத்த தகட்டை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து எடுத்த கணக்கு அது.

"பாஸ், மேல போனா அந்தப் பளபளப்பு நிக்காது. ஆக்சிஜன் படிஞ்சிடும். அப்புறம் காத்து வழுக்காது, ஒட்டி ஒட்டி இழுக்கும். ரெண்டு வருஷம்தான்."

"கஸ்டமர் அஞ்சு கேக்குறாங்க லா."

"காத்துக்குக் கஸ்டமர் யாருன்னு தெரியாது பாஸ்."

"சரி, உங்க நம்பரை ரிப்போர்ட் கடைசியில போடுங்க."

போட்டாள். நாற்பத்தேழாம் பக்கத்தில், யாரும் புரட்டாத இடத்தில்.

இருபத்திரண்டாம் மாதம் செயற்கைக்கோள் இறங்கி எரிந்துபோனது. வாடிக்கையாளர் கூட்டிய விசாரணையில் அண்ணாதுரை அறிக்கையைத் திறந்தார். அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே அன்றுதான்.

"எங்க டீமுக்கு இது முன்னாடியே தெரியும்" என்றார். "நஃபீசா ஏன் அழுத்திச் சொல்லலைன்னுதான் எனக்கும் புரியல."