யோசேப்புக்கு இரண்டு அப்பா

பாஸ்டர், எங்கள் ஞாயிறு வகுப்பை ஒழித்தது நீங்கள்தான். இன்று நானுஓயாவில் நனைந்த தேயிலைக் கொழுந்துச் சாக்குகளோடு ஒரு லொறி கடந்து போனது. அந்தப் பச்சை வாசனையில், இப்போது ஹோட்டலாகிவிட்ட எங்கள் தோட்டத்துக் கொழுந்து மடுவம் அப்படியே கண்ணில் வந்து நின்றது. மற்ற நாட்களில் கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையில், ஞாயிறுகளில் சாக்கு விரித்து உட்கார்ந்து, தகரத்தில் மழை கொட்டக் கொட்ட, அதற்கும் மேலே கத்தி வேதம் படிப்போம். மேட்டு லய வீட்டு வரிசைப் பிள்ளைகளான எங்களுக்கு மத்தேயு, பள்ளத்து லயத்துப் பிள்ளைகளுக்கு லூக்கா.

ஒரு நாள், இயேசுவை வளர்த்த யோசேப்பின் அப்பா யார் என்று கேட்டீர்கள். நாங்கள் "யாக்கோபு!" என்று கத்த, அவர்கள் "ஏலி!" என்று கத்த, இரண்டுமே வேதத்தில் இருக்க, மடுவமே அதிர்ந்தது.

என் தங்கச்சி ரோசி எழுந்தாள். "இதுல என்னங்க பாஸ்டர்? எங்கப்பாவுக்கும் லயத்துல ஒரு பேரு, தொரை ஆபீஸ்ல ஒரு பேரு!"

"வேதத்துல குத்தம் பாக்குறியா? எந்திரிச்சு வெளிய போ!" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறும் சாக்கு விரித்துக் காத்திருந்தோம். அன்றும் அதற்குப் பிறகும் நீங்கள் வரவே இல்லை. ரோசி அதற்குப் பிறகு எந்தச் சபைப் படியும் ஏறவில்லை. அவள் குற்றம் பார்க்கவில்லை, பதில் சொன்னாள். அது தப்பென்றால் சரியான பதில் எது? வருகிற ஞாயிறு உங்கள் சபைக்கு அவளைக் கூட்டி வருகிறேன். சபை முன்னால் நின்று சொல்லுங்கள்.