நாலு பக்கச் சண்முகப்பிரியாவுக்காகக் காதர்பேட்டை வரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஓர் இசைத்தட்டு. போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு அவிநாசியிலிருந்து திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சங்கீதப் பிரியர்கள் ஞாயிறுதோறும் கூடி, ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து கேட்கிறார்கள். நம் கையெழுத்துப் பத்திரிகை சுற்றுகிற வீடுகள் சிலவற்றில் கிராமபோன் இருக்கிறது. அங்கே போக ஆசைப்படுகிறவர்களுக்காக வழி, நேரம், செலவு எல்லாம் எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டு முறை வரும்போது இந்த இதழை என் கையில்தான் கொடுக்க வேண்டும். சிம்னி விளக்கைத் தணித்துவைத்து, அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் தாளைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுதுகிறேன். பாகம் பிரித்த கதையை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத முடியவில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தார்கள். அப்பாவின் அப்பா, எங்கள் அப்பாரு, விட்டுப்போன தறி, பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் நியாயம் பேச வந்தவர்கள் சரிபாதியாக வைத்தார்கள். யாருக்கும் குறை வரக்கூடாதல்லவா? இசைத்தட்டுகளையும் சீட்டு போடுவதுபோல இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று போட்டார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் அதில் நாகசுரத்தில் வாசித்த சண்முகப்பிரியா ராகம் இரண்டு தட்டுகளில் நாலு பக்கமாக இருந்தது. முதல் தட்டு எங்களுக்கு வந்தது, இரண்டாவது பெரியப்பாவுக்குப் போனது. நியாயம் பேச வந்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

அப்பா பிறகு ஒரு பழைய கிராமபோன் பெட்டி வாங்கினார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அந்தத் தட்டைப் போடுவார். இரண்டாம் பக்கத்தில் நாகசுரம் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறும். தொட்டுவிடப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும்போது தட்டு முடிந்துவிடும். ஊசியைத் தூக்கிய பிறகு அப்பாவின் கை, அடுத்த தட்டை எடுப்பதற்காகப் பக்கத்தில் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கையை மடியில் வைத்துக்கொள்வார். கோயமுத்தூர்க் கடைகளில் நானே ஆள் மூலம் விசாரித்துப் பார்த்தேன். அந்தத் தட்டு இப்போது வருவதே இல்லையாம்.

அப்படியிருக்கும்போதுதான் என் வகுப்புச் சரசு ஒரு செய்தி கொண்டுவந்தாள். அந்தப் பனியன் கம்பெனி அவளுடைய மாமாவுடையது.

"சண்முகப்பிரியா பிளேட்டு ஒண்ணு ஒருத்தரு கொண்டாராருடி. மூணாவது பக்கத்துல இருந்துதான் இருக்குது. முன்னாடி பிளேட்டு அவருகிட்ட இல்லையாமா."

"எந்த ஊருக்காரரு?"

"மண்ணரை."

பெரியப்பா இருப்பது மண்ணரையில். அவர் முன்னால் போய் நின்றது அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். பெரியப்பாவே என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைவிடக் கேவலம். எல்லாப் பயத்தையும் ஒரு பக்கம் வைத்தாலும், இன்னொரு பக்கத்தில் அந்த மூன்றாம் பக்கம் இருந்தது. அதை நான் ஏழு வருடமாகக் கேட்கவில்லை.

போன ஞாயிறு அப்பா ஒரு கல்யாணத்துக்காகக் கோபிக்குப் போனார். சரசு வீட்டில் கணக்குப் போடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். துணைக்குச் சரசுவும் அவள் அம்மாவும். தட்டைப் பழைய சேலைத் துணியில் சுற்றி, இரண்டு பரீட்சை அட்டைகளுக்கு நடுவில் வைத்து நூலால் கட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். இதைவிட நல்ல கட்டு கிடையாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பஸ் காலை ஒன்பதேகாலுக்கு. எட்டு மைல், கட்டணம் முப்பத்தைந்து காசு. போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் இடது பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் வலது பக்கம்தான். வெயிலில் தட்டு அப்பளம்போல வளைந்துவிடும். அப்பளம் என்று சும்மா சொல்லவில்லை. கண்டக்டர் என் மடியைப் பார்த்துக் கேட்டதே அதைத்தான்.

"என்ன அம்மிணி, அப்பளக் கட்டா? மேல வெச்சுப்போட்டு நல்லா உக்காரு."

"அப்பளம் இல்லீங்க. பாட்டுப் பிளேட்டுங்க."

"பாட்டா? அப்ப பாட்டுக்கும் ஒரு டிக்கெட்டு போட்டறட்டுமா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பக்கூடத் தைரியம் இல்லாமல், அனுப்பர்பாளையம் தாண்டும்வரை குனிந்தே இருந்தேன்.

திருப்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து காதர்பேட்டைக்கு நடந்தே போகலாம். கால்மணி நேரம் ஆகும். மற்ற நாளில் பனியன் மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு நடுவில் தட்டோடு நடப்பது ஆபத்து என்றார் சரசுவின் அம்மா. ஞாயிறு பாதிக் கடை சாத்தியிருந்தது. பயமில்லாமல் நடக்கலாம்.

கம்பெனி ஒரு நீளமான கூடம். மிஷின்களுக்குத் துணி போர்த்தியிருந்தார்கள். உட்காரப் பாய் கிடையாது, பனியன் மூட்டைகள்தான். ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ரயில்வே கூட்ஸ் குமாஸ்தா ஒருவர், பாட்டு டீச்சர் ஒருவர், பனியன் வாங்கக் கல்கத்தாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர். அந்த வியாபாரி கொண்டுவந்தது சிதார். அவர் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் பேச்சு அவருக்குப் புரியவில்லை. சிதார் ஓடும்போது மட்டும் எல்லோரும் ஒரே இடத்தில் தலையாட்டினோம்.

அங்கே இரண்டு விதிகள். தட்டைப் போடுமுன், ஏன் இதைக் கொண்டுவந்தோம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஊசியை எடுக்கும்வரை யாரும் பேசக்கூடாது. சரசுவின் மாமா ஒவ்வொரு தட்டையும் பனியன் வெட்டுத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் வைப்பார். தட்டுத் துடைக்க அதைவிட மென்மையான துணி கிடையாது. கேட்டால் ஒரு கை அள்ளிக் கொடுப்பார்.

என் முறை வந்தது.

"சொல்லு கண்ணு, இத ஏன் கொண்டாந்த?"

யோசித்து வைத்திருந்த வாக்கியம் மறந்துவிட்டது. "எங்க ஊட்டுல இது பாதியிலயே நிக்குதுங்க" என்றேன்.

கூடத்தின் கடைசி மூட்டையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நிற்கும் தோரணை அப்படியே அப்பா. அவர் வந்து என் தட்டைக் கையில் வாங்கி, லேபிளில் அப்பாரு சிவப்பு மையில் போட்டிருந்த சின்ன வேல் குறியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பெட்டியில் வைத்து, ஊசி மாற்றி, சாவி கொடுத்தார்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் ஏறி ஏறி, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றது. பெரியப்பா தன் மூட்டைக்குப் போய்த் தன்னுடைய தட்டை எடுத்துவந்தார். மூன்றாம் பக்கத்தின் முதல் மூச்சிலேயே நாகசுரம் அந்த மேல் ஷட்ஜத்தைத் தொட்டு, அங்கேயே நின்று, எந்த அவசரமும் இல்லாமல் நீண்டது. ஏழு வருடமாக ஒரு காலைத் தூக்கியபடி நின்றவள் அன்றுதான் அதைக் கீழே வைத்ததுபோல இருந்தது. நாலாம் பக்கத்தில் தவில் சேர்ந்துகொண்டது. அது முடிந்ததும் பெரியப்பாவே ஊசியை எடுத்தார்.

கூட்ஸ் குமாஸ்தாதான் ஆரம்பித்தார். "ஏனுங்க, இத்தன நாளா எங்களுக்குத் தலையில்லாத உடம்பத்தான் காட்டிட்டு இருந்தீங்களா? தல அவிநாசியில பத்திரமா இருந்துருக்குது பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். பிறகு என் பக்கத்து மூட்டையில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கப்பன் பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாத்தறானா?"

"மாத்தறாருங்க பெரியப்பா."

"மாத்துவான். சின்னதுல எங்கிட்ட ஒத வாங்கிப் படிச்சதாக்கும். தவிலு சேர்ற எடம் வந்தா படுத்திருக்கறவன் எந்திரிச்சு உக்காந்துக்குவான்." என் பக்கம் திரும்பினார். "நீ இங்க வந்தது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவர் தன் தட்டைத் துடைத்து என் பைக்குள் வைத்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க. அப்பா கொன்னு போடுவாருங்க."

"அவன் எறும்பக் கொல்லவே யோசிப்பான். கொண்டு போயி அவன் கையில குடு. கேட்டா நாந்தான் குடுத்தேன்னு சொல்லு."

நாலரை பஸ்ஸில் திரும்பினோம். அப்பா வருமுன் வீட்டுக்குள் வந்துவிட்டேன். எங்கள் தட்டை அதன் இடத்தில் வைத்தேன். இன்னொன்றை என் துணி அலமாரிக்குள் நிமிர்த்தி வைத்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை வரை நான் எப்படி இருந்தேன் என்பதைப் பயணக் கட்டுரையில் எழுத இடமில்லை. ஒரு நாள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றிருக்கும், மறுநாள் சரசுவிடமே திருப்பி அனுப்பிவிடலாம் என்றிருக்கும்.

நேற்று வெள்ளிக்கிழமை. அப்பா இரண்டு பக்கமும் போட்டார். ஊசியைத் தூக்கினார். கை பக்கத்தில் போனது. நான் மூன்றாம் பக்கத்தை அந்தக் கையில் வைத்துவிட்டேன்.

அப்பா லேபிளை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஏது இது?"

"பெரியப்பா குடுத்தாருங்கப்பா. ஞாயித்துக்கெழம கணக்குப் போடப் போகலீங்க. நம்ம பிளேட்ட எடுத்துட்டுத் திருப்பூர் போனேனுங்க."

சமையலறையில் அம்மா அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. அப்பா எழுந்தார். அடிக்கத்தான் எழுகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சாவி சுற்றும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மூன்றாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். பக்கம் முடிந்ததும் அவரே திருப்பிப் போட்டார். தவில் சேரும் இடத்தில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியப்பா சொன்னது உண்மை.

முடிந்ததும், "அவரு எப்படி இருக்காரு?" என்றார்.

"தல பூராவும் நரைச்சுப் போச்சுங்கப்பா."

"ம்." தட்டை உறையில் போட்டார். "பொய் சொல்லிப்போட்டு பஸ் ஏறுனியே, அத நா மறக்க மாட்டேன். இது நம்முளுது இல்ல. ஞாயித்துக்கெழம கொண்டு போயி அவருகிட்டயே குடுத்துரு."

எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அவர் எங்கள் தட்டையும் எடுத்து அதன் மேல் வைத்தார்.

"இதையும் கொண்டு போ. அங்க வர்றவங்க மொதல்ல இருந்து கேக்கோணுமல்ல?"

"நீங்களும் வாங்கப்பா."

"நா எதுக்கு? போடி."

வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. நாளை நான் போகிறேன். இதைப் படிக்கிறவர்கள் போவதாக இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் போகும் வழியெல்லாம் காதுக்குள் வேறு சத்தம்தான் கேட்கும், சங்கீதம் இறங்காது. அப்புறம், ஊசி உங்களுடையதையே எடுத்துப் போங்கள். கம்பெனியில் இருப்பது பழைய ஊசியாக இருந்தால் தட்டைக் கீறிவிடும் என்கிறார் அப்பா. நாலு பக்கத்துக்கு நாலு ஊசியும், கை தவறி விழுந்தால் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டும், இன்று சாயங்காலம் அவரே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் பையில் போட்டார்.