அப்பா சுரண்டிய கரி

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. ஆண்டு நினைவு மலருக்காக அவருடைய பொறுமையைப் பற்றி எழுதித் தரும்படி என் சகோதரர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அந்தப் பொறுமை அவரை எவ்வளவு வதைத்தது என்பதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல்காரக் குடும்பத்தில் பிறந்த அப்பா, குருக்கள்மடத்தில் அம்மாவைக் கைப்பிடித்து வாவியில் மீன்பிடித் தொழிலுக்கு வந்தார். பெற்றோரை இளமையிலேயே இழந்ததால், தம் தம்பியையும், அதாவது எங்கள் சித்தப்பாவையும், கூடவே கூட்டிவந்து ஆளாக்கினார். இருவருமாகப் பழைய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்றை வாங்கித் தோணியில் பூட்டினார்கள். பதிவு அப்பாவின் பெயரில் இருந்தது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குள் கரி சீக்கிரம் படியும். அப்பா முற்றத்தில் சாக்கை விரித்து, மேல்மூடியைக் கழற்றி, பிஸ்டன் தலையில் பிடித்த கரியைச் சுரண்டுவார். இரும்பு பட்டால் கீறல் விழும் என்று முதிரை மரக்கட்டையைச் சீவி வைத்திருந்தார். சுரண்டி முடித்தால் பிஸ்டன் பளபளக்கும். "என்ட சட்டிபானையையும் இப்பிடி ஒருக்கா தேய்ச்சுத் தந்தா என்னவாம்?" என்பார் அம்மா.

யுத்த காலத்தில் பகலில் மட்டும்தான் வாவியில் எஞ்சின் ஓட்ட அனுமதி. வேறு யாரும் எடுத்து ஓட்டிவிடாதபடி எல்லோரும் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி வீட்டில் ஒளித்து வைப்பார்கள். எங்கள் பிளக் இருக்கும் இடம் அப்பா, சித்தப்பா இருவருக்கு மட்டுமே தெரியும். ஒருமுறை கரி சுரண்டி எஞ்சினைப் பூட்டி வைத்த கையோடு அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். எழும்புவதற்குள் ஆமிக்காரர் வந்தார்கள். தடைநேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதாம். "நான் பாயை விட்டே எழும்பல்ல ஐயா," என்று அப்பா கும்பிட்டார். பதிவில் இருந்த பெயருக்காக அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பா வேலியோரம் வாய் திறக்காமல் நின்றார்.

பல மாதம் கழித்து அப்பா திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. "ஆர் ஓட்டினானோ தெரியா. நம்மட எஞ்சின் நீங்க பூட்டி வச்சபடியே கிடக்கு அண்ணன். நான் தொடவே இல்ல," என்றார் சித்தப்பா. அப்பா அதை அப்படியே நம்பினார்.

மறுநாள் எஞ்சினைத் திறந்தார். பக்கத்தில் நான் இருந்தேன். பளபளவென்று விட்டுப்போன பிஸ்டனின் மேல் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி தடித்திருந்தது. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சத்தம் கேக்காம மெல்ல மெல்ல ஓட்டியிருக்கு புள்ள. எண்ணெயும் அளவுக்குக் கூடக் கலந்திருக்கு."

அன்றைக்கு மட்டும் அவர் கத்தியை எடுத்துச் சுரண்டினார். பிஸ்டன் முழுக்கக் கீறல் விழுந்தது.

தடைநேரத்தில் இறால் நிறையப் படும் என்று சித்தப்பா போயிருக்கலாம். வேலியோரம் பயந்து நின்றதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்த நாட்களில் பயப்படாதவர் யார்? அடிபட்டு வந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வளர்த்த கைக்கு அவர் செய்தது துரோகம். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே தோணியில் தொழிலுக்குப் போனார்கள். அண்ணன் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது.

அப்பாவின் கடைசி நாட்களில் சித்தப்பா இளநீரோடு வந்து கட்டிலின் இடப்பக்கம் உட்காருவார். ஒவ்வொரு முறையும் அப்பா சிரமப்பட்டுத் திரும்பி வலது காதைக் கொடுப்பார். சித்தப்பா மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்.

"நான் கேக்கட்டா அப்பா?" என்றேன்.

"வேணாம் புள்ள. நீ கேக்காத. அவனா சொல்லட்டும்."

சித்தப்பா சொல்லாமலே அப்பாவை அனுப்பிவிட்டார்.

அப்பாவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்கள், தாதியர், அயலவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. எஞ்சின் சாமான் கடை வைத்திருந்த காத்தான்குடி முஸ்லிம் நானா, அன்று அப்பாவை வைத்திருந்த ஆமி முகாம் வாசலில் போய் நின்று, "இவர் நல்ல மனிசன், நான் பொறுப்பு," என்று சொன்னதை எங்கள் குடும்பம் மறவாது. பாடைக்குத் தோள் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி சொல்வது முறை, சொல்கிறேன். இந்த மலர் அவர் கைக்கும் வரும். கேட்க வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூத்த மகள்