அண்ணன் கடையில் எடுத்த துண்டு

நகராட்சி சுகாதார ஆய்வகத்தில் இறைச்சியில் கிடைக்கும் புழுக்களின் மரபணுவைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது அவள் வேலை. பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்த அவள் அண்ணனுக்கு அந்த வேலை மேல் துளியும் மரியாதை இல்லை. நாலு பேர் கூடும் இடத்தில் "நம்ம புழுக்காரி" என்றுதான் தங்கையை அறிமுகம் செய்துவைப்பான்.

ஒருநாள் கடை கடையாக மாதிரி எடுத்துவந்த ஆய்வாளர், அண்ணன் கடைத் துண்டையும் அவள் மேசையில் வைத்தார். சதைக்குள் வெந்த ஜவ்வரிசி போல வெள்ளைக் கொப்புளங்கள். சொந்த அண்ணன் கடை, வேறு யாராவது பார்க்கட்டும் என்று மேலதிகாரியிடம் போய் நின்றாள். மரபணு பார்க்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட அவளை விட்டால் ஆள் ஏது? அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாட்சியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முடிவு வரும்வரை விற்கக் கூடாது என்று உத்தரவு போனதும் அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நாய்கிட்டேர்ந்து பன்னிக்கு வர்ற புழு ஒண்ணு இருக்கே, அது மனுஷனை ஒண்ணும் பண்ணாதாமே. அதுன்னு சொல்லிடேன்."

"நான் சொல்றதுக்கு என்னண்ணே இருக்கு? தான் என்ன புழுன்னு அதுவேதான் சொல்லும்."

அது தன்னை மனிதக் குடலில் நாடாவாக வளரும் புழு என்றே சொன்னது. கடைக்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் தங்கையோடு பேச்சை நிறுத்தினான்.

விசாரித்துக்கொண்டே போனதில், அண்ணன் பன்றி வாங்கும் பண்ணையில் குட்டு உடைந்தது. வேலையாட்களுக்குக் கழிப்பறை இல்லை. அவர்கள் ஒதுங்கிய புதருக்குள்தான் பன்றிகளும் மேய்ந்தன. கழிப்பறை கட்டும்வரை அங்கிருந்து ஒரு பன்றியும் வெளியே போகக் கூடாது என்று சுகாதாரத் துறை பிடிவாதமாக நின்றது.

கடையில் வேலை செய்தவர்களுக்கும் பரிசோதனை நடந்தது. வாடிக்கையாளர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமென்று அரைவேக்காட்டுத் துண்டை அவர்கள் கண்ணெதிரிலேயே வாயில் போட்டு மெல்லுவது அண்ணனின் வழக்கம். அவன் ஒருவனுக்குத்தான் புழு இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் அது வெளியேற, மூடி போட்ட டப்பாவில் நேராகத் தங்கையின் மேசைக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள், சிரிக்க. இவள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வேலையை முடித்தாள். இறைச்சியில் இருந்த அதே இனம்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். வெகுநேரம் கனைத்தான்.

"எவ்ளோ நீளம்?"

"மூணு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அண்ணியும் பிள்ளைகளும் நாளைக்கே டெஸ்டுக்கு வரணும். நீ சோப்பு போட்டுக் கை கழுவாம எதையும் தொடாதே."

அண்ணி, பிள்ளைகள் யாருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

பண்ணையை மாற்றி, கடையை மறுபடி திறந்த அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம் நன்றாக வேகவைக்கச் சொல்லி உபதேசம் செய்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கையால் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை முடிந்த மட்டும் விரித்து, "நாலு மீட்டர், தெரியுமா?" என்பான்.

உள்ளே கத்தியைக் கொதிநீரில் முக்கிக்கொண்டிருக்கும் அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.