அம்மா இலை உருவிய மல்லிகை

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு மல்லிகைச் செடி. கரிசலில் அது பிடித்ததே பெரிய காரியம். வருஷா வருஷம் தை பிறந்ததும் அம்மா அதற்குத் தண்ணீரை நிறுத்திவிடுவாள். வாடியதும் கிளை நுனிகளை வெட்டி, இலையை எல்லாம் உருவி மொட்டையாக நிறுத்துவாள். பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது என்பார்கள். மாசிக் கடைசியில் மறுபடி தண்ணீர் விட்டால் பங்குனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

எனக்குப் பதினாலு வயதான வருஷம், அம்மா இலை உருவிய கையோடு அப்பா படுத்துவிட்டார். நெஞ்சில் சீக்கு முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கவேண்டும். மாசிக் கடைசியில் ஒருநாள், கொண்டுவந்த குடத்தில் பாதியை நான் செடிக்குச் சாய்த்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அவியளுக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி இல்லாமக் கெடக்கு, நீ செடிக்கு ஊத்துதியா? கொழுப்பெடுத்த கழுத!"

கட்டிலிலிருந்து அப்பா குரல் வந்தது. "விடு, ஊத்தட்டும். ஒன் தலையில ஒருதரம் பூவப் பாத்துட்டுப் போயிருதேன்."

அம்மா மீதித் தண்ணீரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாளிலிருந்து நான் தண்ணீருக்கு இரண்டு நடை நடந்தேன். "மொட்டு வந்துட்டா?" என்று அப்பா தினமும் கேட்பார். "துளிருதாம்ப்பா வந்திருக்கு" என்பேன். கடுகளவில் மொட்டுக் கண்ட அன்று அவர் போய்விட்டார். பாவி மனுஷன், இன்னும் பத்து நாள் இருந்திருக்கக் கூடாதா?

பதினாறாம் நாள் செடி வெள்ளை வெளேரென்று நின்றது. தாலி அறுக்கும் முன், கடைசியாகத் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் போட்டு உட்காரவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "வீட்டுலயே பூ கெடக்கு, கடைக்கு எதுக்கு?" என்று அத்தை கூடையை எடுத்தாள். நான் செடியை மறித்துக்கொண்டு கத்தினேன். இரண்டு பேர் என்னை இழுத்துப்போனார்கள். ஒரு மொட்டு விடாமல் பறித்து, கட்டி, அம்மா தலையில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே அதைப் பிய்த்தும் போட்டார்கள்.

நான் ஊற்றிய தண்ணீரில் பூத்த பூதானே அது. மறுநாள் அரிவாளோடு கொல்லைக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள்.

"விடும்மா. இனிமே இது யாருக்கு?"

"வைக்கக் கூடாதுன்னுதான சொன்னாவ," என்றாள் அம்மா. "பாக்கவுமா கூடாது?"