மேஜருக்கு மிச்சமிருந்த முன்னங்கால்

மாடிப்படியில் மேஜர் ஏறி வரும் சத்தம் எனக்குச் சமையலறையிலிருந்தே தெரியும். அன்று காலை அந்தச் சத்தத்தில் ஓர் இடைவெளி விழுந்தது. தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டேன். ஒவ்வொரு நாலாவது அடியும் தயங்கி விழுந்தது.

கதவைத் திறந்தபோது வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றான். வலது முன்னங்காலை மட்டும் தரையில் முழுக்கப் பதிக்கவில்லை.

மேஜர் எங்கள் நாய். அல்சேஷன் கலப்பு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் பிறந்த குட்டி என்பதால் என் மகள் கோமதி அந்தப் பெயரை வைத்தாள். மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு, லிஃப்ட் கிடையாது. படியில் சுளுக்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டோம். வீக்கம் வடிவதுபோல் இருந்தது, பிறகு வடியவில்லை. மணிக்கட்டுக்கு மேலே தொட்டால் கல்லாக இருந்தது. தொட்டபோது அவன் என் கையைப் பல்லால் பிடித்தான். கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

இதே நிலையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய உடம்புள்ள நாய்க்கு, எலும்போடு ஒட்டிய வீக்கம் கடினமாகிக்கொண்டே போனால், பற்றுப் போடுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

டாக்ஸிக்காரர்கள் நாயைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் விக்டோரியா குதிரை வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். கால்நடை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எங்களுக்கு முன்னால், தபேலாவிலிருந்து (பால்மாட்டுக் கொட்டில்) ஓட்டிவந்த எருமை ஒன்று நின்றது. பெஞ்சில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. அந்த நாட்களில் என்னால் எங்குமே உட்கார முடியவில்லை.

டாக்டர் மராத்திக்காரர், ஏறக்குறைய என் வயது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நல்ல எலும்பின் ஓரம் பேனாவால் கோடு போட்டதுபோல் இருந்தது. நோய் பிடித்த இடம் கரையான் அரித்த கதவுச் சட்டம்போல் உதிர்ந்திருந்தது. ஆஸ்டியோசர்கோமா (எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்) என்று சந்தேகப்பட்டார். பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) அதை உறுதி செய்தது.

அவர் பேசியது இந்தியில். என் நினைவில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

“காலை எடுத்துட்டா வலி போயிடும். நோய் போகுமான்னு கேட்காதீங்க. மெட்டாஸ்டாசிஸ்னு ஒண்ணு இருக்கு.” (நோய் இரத்தத்தின் வழியாக வேறு உறுப்புக்குப் பரவுவது.) “இது பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். இப்ப நெஞ்சுப் படத்துல ஒண்ணும் தெரியலை. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“எவ்வளவு காலம் இருப்பான்?”

“மாசக்கணக்கு. வருஷம் தாண்டினா எனக்குச் சந்தோஷம்.”

திரும்பும் வண்டியில் மேஜர் என் கணவரின் காலடியில் படுத்திருந்தான். அவருக்குக் குர்லாவில் இரும்புச் சாமான் கடை. அதிகம் பேசமாட்டார்.

“நாலு காலோடயே போட்டும்ளா,” என்றார். “அறுத்து நொண்டியாக்கி, அதுக்குப் பொறவும் சாகத்தான் போறான்னா எதுக்கு இந்தப் பாடு?”

“வலி போயிரும்னு சொல்லுதாரே.”

“யாருக்கு? அவனுக்கா, ஒனக்கா?”

பள்ளியிறுதி எஸ்.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்த கோமதி அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பா, ஒங்க கடவாப்பல்லைப் புடுங்கும்போது, வலி போனாப் போதும், தலையையே எடுத்தாலும் சரின்னு கத்துனீங்கல்லா? அவனுக்குக் கத்தத் தெரியலை. அதான்.”

அவர் மேஜரின் காதை வருடிக்கொண்டே வந்தார். கிங்ஸ் சர்க்கிள் வந்ததும், “நாள் குறிக்கச் சொல்லு,” என்றார்.

ஈதர் (மயக்க மருந்து) கொடுத்து, காலைத் தோளோடு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது அவனுடைய வலது பக்கம் முழுக்க மழிக்கப்பட்டிருந்தது. மூட்டை வாயைத் தைத்ததுபோல் தையல். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் அவனைச் சுற்றி வர நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கோமதி அதைக் கவனித்துவிட்டாள். மருந்துத்தூள் டப்பாவை என் கையில் கொடுத்து, அந்தப் பக்கமாகவே உட்கார வைத்தாள். காயத்தை நக்காமலிருக்கத் தன்னுடைய பழைய பருத்தி கவுனை அவனுக்கு மாட்டிவிட்டாள். பூப்போட்ட கவுனில் மேஜர் ஹாலில் நின்றான், கீழே விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்.

எங்கள் வீட்டுத் தரை மொசைக். நான் தினமும் இரண்டு வேளை துடைத்து வழவழவென்று வைத்திருந்த தரை. மூன்று காலுக்கு அது எண்ணெய் கொட்டியதுபோல. என் கணவர் கடைக்கு ஆணி வரும் சாக்குகளைக் கொண்டுவந்தார். அவற்றைப் பிரித்து, உதறி, வெந்நீரில் அலசி, ஒன்றோடொன்று தைத்து, ஹாலிலிருந்து வாசற்கதவு வரை விரித்தோம். உங்கள் வீட்டுத் தரை வழுக்கினால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். நாய் விழுவதைவிட, விழுந்துவிடுவோம் என்று பயந்து எழாமல் இருப்பதுதான் மோசம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்க அவன் மறுத்துவிட்டான். ஜமுக்காளத்தில் கிடத்தி அப்பாவும் மகளும் இரண்டு முனையைப் பிடித்து இறக்கினார்கள். நான் முன்னாலும் பின்னாலும் ஓடினேன்.

பிறகுதான் விசாரிப்பு ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் எல்லா வீட்டிலிருந்தும் வந்து பார்ப்பார்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். கொண்டுவந்ததை வேண்டாமென்று சொல்வதும் வழக்கமில்லை. மேஜருக்கும் அப்படியே நடந்தது. ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், நெய்சாதம். ஒருவர் சாத்துக்குடிகூட வாங்கி வந்தார். விபூதிப் பொட்டலமும் வந்தது. பசியே இல்லாமல் கிடந்தவன் அவர்கள் கையிலிருந்து சாப்பிட ஆரம்பித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. நோயாளி சாப்பிடுகிறான் என்றால் பிழைத்துக்கொண்டான் என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் டாக்டர் அவனை எடை போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டார்.

“ஒரு காலையே எடுத்திருக்கேன். எடை எப்படி கூடும்?”

நான் விசாரிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இடது முன்னங்காலின் மணிக்கட்டை அழுத்தினார். மேஜர் காலை இழுத்துக்கொண்டான். அந்த இடம் சூடாக இருந்தது.

“முன்பாரம் முழுக்க இப்ப இது ஒண்ணுலதான். இது வீங்கிட்டா, வெட்டறதுக்கு என்கிட்ட கத்தி கிடையாது. தூங்க வைக்கிற ஊசிதான் இருக்கு. உடம்பைக் குறைங்க. தூக்கிக்கிட்டு இறங்கறதையும் நிறுத்துங்க. நடந்தாத்தான் சதை வரும்.”

கால் போன துக்கத்தில், இருக்கிற காலை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் அதை மட்டுமே பார்த்தேன். காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன். காபிக்குப் பிறகு தொட்டுப் பார்ப்பேன். சூடு அவன் காலிலா என் விரலிலா என்று புரியாமல், ஈயச்சொம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் தொடுவேன்.

பக்கத்து வீட்டு மாமி மதியம் நெய்சாதத்தோடு வந்தார்.

“டாக்டர் ஒண்ணும் குடுக்கக்கூடாதுங்காரு மாமி.”

“அவர் மராத்திக்காரர்தானே? நெய்சாதத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும். ரத்தம் போன ஒடம்புடி.”

“எடை கூடிட்டு.”

“கூடணும்னுதானே குடுக்கறோம்.”

மேஜர் அதற்குள் மாமியின் கையை நக்கி முடித்திருந்தான்.

இரண்டு மூன்று நாள் எதையெதையோ சொல்லிப் பார்த்தேன். தூங்குகிறான் என்றேன். வயிறு சரியில்லை என்றேன். அதற்கு ஓமத்தண்ணீர் வந்தது. ஒருநாள் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டதும், வெளியே போய்க் கதவை என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாக அந்தக் கதவை நான் யாருக்கும் சாத்தியதில்லை.

“மாமி, முன்னால அவனுக்கு ஒத்தக் காலுதான் இருக்கு. நீங்க குடுக்கிற ஒவ்வொரு வாயையும் அதுதான் சொமக்கு. அதுவும் போனா ஊசி போட்டுருவாங்க.”

என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்திருந்தது. மாமி கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

“இதை நேக்கு முன்னாடியே சொல்லக்கூடாதோ?” என்றார். பிறகு, “அப்போ நான் என்னத்தைக் கொண்டு வரது? கையை வீசிண்டு வந்து நிக்கவா?”

“படியில உக்காருங்க. உக்காந்து அவனைக் கூப்பிடுங்க.”

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மாமி முதல் திருப்பத்தில் புடவையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த திருப்பத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், இரண்டாம் மாடிக்காரர். அவருக்குக் கீழே இன்னும் இருவர். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அப்படியே படிக்கு வந்துவிட்டார்கள். வாசலில் கோமதி, “டப்பா கொண்டு வந்தவங்க டப்பாவை இங்கே வச்சுட்டுப் போங்க,” என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

முன்னங்கால் இழந்த நாய்க்கு ஏறுவது எளிது; இறங்குவதுதான் கஷ்டம். உடம்பின் பாரம் முன்னால் சரிந்து அந்த ஒரு காலில் விழும். அதனால் மார்புக்குக் கீழே துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டேன். துண்டு தாங்கத்தான், தூக்க அல்ல. என் கைக்கு இந்த வித்தியாசம் புரியச் சில நாள் ஆயிற்று.

“வாடா ராஜா, மெதுவா,” என்றார் மாமி. “நாலு படி எறங்க நேக்கே அரைநாழி ஆறது. நோக்கென்ன அவசரம்?”

அவன் மாமியிடம் போய்ச் சேர்ந்தான். அடுத்து ரயில்வே சாரிடம் போனபோது, அவர் பழக்கத்தில் கையை நீட்டி, “ஷேக்ஹேண்ட், மேஜர்” என்றுவிட்டார். மேஜர் எப்போதும் வலது கையைத்தான் கொடுப்பான். மழித்த தோலுக்கு அடியில் தோள் இருந்த இடத்துச் சதை அசைந்து முன்னால் வந்தது. வந்து நின்றது. நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். மேஜர் மூக்கை அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த படியைப் பார்த்தான்.

உடம்பு மெல்ல இறங்கியது. இடது மணிக்கட்டில் சூடு தணிந்தது. ஒருநாள் கோமதி, “எம்மா, துண்டை விடு,” என்றாள்.

“விழுந்துட்டான்னா?”

“நீ பிடிச்சிருக்கறது துண்டை இல்லை, அவனை. விடும்மா. சலோ, மேஜர்.”

விட்டேன். அவன் தத்தித் தத்தி வேகமாகப் போய் மாமியின் மேல் மோதி நின்றான். பின்னாலேயே நான் படியில் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கோமதி சொல்லித்தான் தெரியும்.

அன்று கடையிலிருந்து திரும்பிய என் கணவர் கட்டட வாசலில் அவனைப் பார்த்தார். ஜமுக்காளம் இல்லை, துண்டு இல்லை.

“என்னடே, கீழ ஒனக்கு என்ன ஜோலி?” என்றார். அவனிடமே கேட்டார். பிறகு வெற்றிலை வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் வெற்றிலை போடுவதில்லை.

மழை முடிந்து இப்போது வெயில் வந்துவிட்டது. போன முறை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்றார்.

“அப்படின்னா?”

“இன்னைக்குச் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். இருமினா கூட்டிட்டு வாங்க.”

தேறிவிட்டோமா என்று என்னிடம் கேட்டால் எப்படிச் சொல்வேன்? பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவரின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கிறேன். என் மணிக்கட்டை நானே அமுக்கிப் பார்த்துக்கொள்கிறேன். கோமதிக்குத் தலை பின்னும்போது கை அவளுடைய தோளெலும்பு வரை இறங்கித் தடவுகிறது. “எம்மா, கூசுது,” என்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று என் கணவர் கேட்கிறார். தீபாவளி என்று அவர் சொல்வது எனக்குப் பாதிதான் விளங்குகிறது. இன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அதற்கப்பால் எதையும் எடுத்து வைக்க முடியவில்லை.

நேற்று ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேஜர் இருமினான்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவன் விலாவில் காதை வைத்துக்கொண்டு தரையில் கிடந்தேன். உள்ளே காற்று போய் வந்துகொண்டிருந்தது. இன்னொரு இருமலுக்காகக் காத்திருந்தேன். இருமல் வந்தது, என்னிடமிருந்து. பிறகு உள்ளறையில் கோமதி இருமினாள். மிளகாய் நெடி வீடு முழுக்கப் பரவியிருந்தது.

“எம்மா, ஸ்டவ்வை அணை,” என்று கோமதி கத்தினாள்.

நான் எழவில்லை. அவன் மூச்சு என் காதில் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேஜர் என் தலையை உதறித் தள்ளி எழுந்தான். ஒரு முன்னங்காலை ஊன்றி உடம்பை நிமிர்த்தி வாசற்கதவருகே போனான். என் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் எழும்வரை அவன் அங்கேயே நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.